கருகியதும் கருகாததும்



2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், சாரல் பருவத்தில், குற்றாலநாதர் கோயிலை ஒட்டியிருந்த கடைகளில் தீப்பற்றியது. எரிவாயு உருளைகள் வெடித்தன. அருவிக்குப் பக்கத்திலேயே கடைகள் எரிந்து சாம்பலாயின. சாரல் மாதங்களை நம்பி ஆண்டு முழுவதும் காத்திருப்பவர்களின் பிழைப்பு அது. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தவர்களின் பேச்செல்லாம் அந்தத் தீயைப் பற்றியே இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஒரு முடிவையும் கொண்டுவந்தது. மில்லுக்குக் காப்பீடு எடுப்பதா, வேண்டாமா என்று பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த விவாதத்தின் முடிவு அது.

அண்ணன் தம்பி மூவரும் மச்சான் ஒருவரும் சேர்ந்து நடத்தும் மாவு மில் எங்களுடையது. மாவும் மசாலாப் பொடிகளும் அரைத்து, பொட்டலமிட்டு, தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். காப்பீட்டுக்குப் பெரியத்தா எதிர். அவருடைய தயக்கம் அறியாமையால் வந்ததன்று. ஜித்தாவில் உள்ள பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1985இல், வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் பெரும் நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாது என்றும், நன்கொடை அடிப்படையில் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் கூட்டுறவுக் காப்பீடே கூடும் என்றும் தீர்மானித்தது. மலேசியாவில் 1984இலேயே தகாஃபுலுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. இலங்கையிலும் தகாஃபுல் நிறுவனம் உண்டு. நம் நாட்டில் அந்த வழி இன்னும் திறக்கவில்லை. மறுபக்கம், இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990களின் தொடக்கத்தில், கலவரங்களில் முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் அழிவதைக் கருதி, தேவையின் அடிப்படையில் காப்பீட்டுக்கு இடமளித்தது.

இரண்டையும் எங்கள் மஹல்லாவின் ஹஸ்ரத் முன் வைத்தோம். நான்கு குடும்பங்களின் வருமானமும், வேலைக்கு வரும் பெண்களின் கூலியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைக் கேட்டறிந்த பின், எடுத்துக்கொள்ளலாம் என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார். தேவைக்காக அனுமதிக்கப்படுவது தேவையின் அளவோடு நின்றுவிட வேண்டும். இழந்ததை ஈடு செய்துகொள்ளலாம், இழக்காததை ஈட்டிக்கொள்ளக் கூடாது. அப்போது அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். அந்த வாக்கியத்தின் எடை ஓராண்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. (இது எங்கள் நிலைக்குச் சொல்லப்பட்ட பதில். வாசகர்கள் தத்தம் நிலையைத் தங்கள் உலமாக்களிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளவும்.)

நாங்கள் எடுத்தது பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா என்னும் பாலிசி. ஓரிடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறுதொழில்களுக்காக 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொதுவான பாலிசி அது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றே.

2024 ஜூலையில், ஓர் அஸர் நேரத்தில், மில்லின் மின் பேனல் போர்டில் தீப்பிடித்தது. விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் கட்டளையை ஒட்டி, இரவில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பூட்டுவது எங்கள் வழக்கம். தீயோ பகலில் வந்தது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் பேனலும், அதற்கு மேலிருந்த கம்பிகளும், அருகே நின்ற மிளகாய் அரைக்கும் இயந்திரமும் எரிந்தன. மற்றப் பகுதியெல்லாம் புகை. யாருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் உள்ளே நுழைந்தபோது கண்ணுக்குத் தெரிந்த கணக்கு எளிதாக இருந்தது. மிளகாய் இயந்திரம் அடையாளம் தெரியாமல் கருகி நின்றது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக வெடித்திருந்தது, பெல்ட் உருகி ஒட்டியிருந்தது, மோட்டாரிலிருந்து எரிந்த வார்னிஷ் நாற்றம் வந்தது. பத்தடி தள்ளியிருந்த பொட்டலமிடும் இயந்திரம், மேலே ஒரு சாம்பல் படிவைத் தவிர, முன்தினம் விட்டுச்சென்றபடியே இருந்தது. துணியால் துடைத்தால் எஃகு பளபளத்தது. முன்னது போய்விட்டது, பின்னது தப்பித்துவிட்டது என்றே எல்லாரும் சொன்னார்கள்.

உண்மை நேர்மாறாக இருந்தது. தீப்பட்ட இயந்திரத்தைப் பற்றி இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும் என்று விரும்புகிறோம்.

மிளகாய் இயந்திரத்தின் உடல் வார்ப்பிரும்பு. அது உருக 1,100 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். சில நிமிடங்களில் அணைக்கப்பட்ட தீ அதன் உடலை ஒன்றும் செய்துவிடாது. அஞ்ச வேண்டியது வேறு: சூடேறிய வார்ப்பிரும்பில் திடீரென்று தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம். லேத் பட்டறைக்காரர் வந்து சிறு சுத்தியலால் இடம் இடமாகத் தட்டி ஓசையைக் கேட்டார். மணி போல ஒலித்தது. விரிசல் இருந்தால் ஓசை மழுங்கும் என்றார். தண்டு வளைந்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார். வளையவில்லை. பேரிங்குகளை மாற்றத்தான் வேண்டும். அதிக வெப்பத்தில் பேரிங் எஃகின் கடினம் குறைந்துவிடும், கிரீசும் ஓடிவிடும். மோட்டாரின் சுருள்களைச் சுற்றியுள்ள காப்பு 130 அல்லது 155 பாகை வரைதான் தாங்கும் தரத்தது, அது எரிந்துவிட்டது. ஆனால் மோட்டாரின் கூடும் உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளும் நன்றாக இருந்ததால், ரீவைண்டிங் செய்தால் போதும். புது இயந்திரம் மோட்டாரோடு 1,40,000 ரூபாய். பழுது பார்க்கும் செலவு, பெல்ட், பேரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 31,000.

பொட்டலமிடும் இயந்திரத்தைத் தீ தொடவில்லை, புகை தொட்டது. மின்கம்பிகளின் மேலுறை பி.வி.சி. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியாகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஜூலை மாதத் தென்காசியின் காற்றில் ஈரத்துக்குக் குறைவா? சாரல் என்று நாம் கொண்டாடும் அதே காற்று, புகை படிந்த மின்னணுப் பலகையில் அமிலத்தைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். செம்புத் தடங்கள் அரிக்கும், இணைப்பு முனைகள் பச்சை பூக்கும். இயந்திரம் முதல் வாரம் ஓடும், மாதம் ஒன்றில் தடுமாறும், பிறகு ஒருநாள் நின்றுவிடும். புகைக்கரி மின்சாரத்தையும் கடத்தும். ஆகவே, ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போடுவதே நல்லிருக்கும் பலகையையும் எரித்துவிடக் கூடும். இணைப்பைத் துண்டித்து, ஈரம் புகாமல் மூடி, உரியவர் வந்து திறக்கும்வரை தொடாமல் வைப்பதே முதல் வேலை. உலர் தூள் தீயணைப்பான் அடித்திருந்தால் அவசரம் இன்னும் கூடும், அந்தத் தூளும் ஈரத்தில் அரிக்கக்கூடியது.

இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் கோவையிலிருந்து வந்து கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். பலகைகளின் ஓரத்தில் இளம்பச்சை தொடங்கியிருந்தது. சட்டகத்தையும் உருளைகளையும் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம், மின்னணுப் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும், அதற்கு 1,30,000 ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்.

இதற்கு இரண்டு நாள் முன்பே சர்வேயர் வந்து போயிருந்தார். (சர்வேயர் வருகிறார் என்றதும் பெரியத்தா மில்லின் பட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், இவர் நிலம் அளப்பவரல்லர், இழப்பை மதிப்பிடுபவர் என்று விளக்க வேண்டியதாயிற்று.) காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, இழப்பைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும்; அவர் 15 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும்; அதன்பின் 7 நாள்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். வந்தவர் மரியாதையானவர், அவசரத்தில் இருந்தார். மிளகாய் இயந்திரத்தைப் பார்த்தவுடன் முழு இழப்பு என்று குறித்துக்கொண்டார். பொட்டலமிடும் இயந்திரத்துக்குச் சுத்தம் செய்யும் செலவு 25,000 என்று எழுதினார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். கருகிய இயந்திரத்துக்கு அவர் தருவதாகச் சொன்னது, எங்களுக்கு ஆகும் செலவைவிட 1,09,000 ரூபாய் கூடுதல். கருகாத இயந்திரத்துக்கு அவர் தருவது 1,05,000 ரூபாய் குறைவு. இரண்டையும் சேர்த்தால் வேறுபாடு நாலாயிரம்.

மச்சான் சொன்னார்: "அவரே எழுதிட்டாரு. நாம கேக்கவும் இல்ல, பொய்யும் சொல்லல. இதுல மிஞ்சுறத எடுத்து அதுல போட்டா கணக்கு நேராயிடும். நாலாயிரத்த வேணும்னா சதகா குடுத்துருவோம்." அவர் பேராசைக்காரர் அல்லர். எங்களில் மிகுதியாகத் தான தர்மம் செய்பவரும் அவரே. அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது: சர்வேயரின் குறிப்பை ஒப்புக்கொண்டால் மாதத்துக்குள் பணம் வந்துவிடும், மறுத்தால் மறு ஆய்வு, கடிதங்கள், காத்திருப்பு. பொட்டலமிடும் வேலைக்கு வரும் ஐந்து பெண்களும் கையால் ஒட்டும் சீலரை வைத்துக்கொண்டு, பாதி வேலை பாதிக் கூலி என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நேர்மைக்கு நாங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பங்கை அவர்கள் தலையிலும் ஏற்றுகிறோம் என்பது எங்களை உறுத்தியது. அதற்கு எளிய பதில் எங்களிடம் இல்லை.

ஹஸ்ரத்திடம் போனோம். மச்சானின் வாதத்தை அவர் தள்ளிவிடவில்லை. நமது ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு நெருங்கிய ஒரு சட்டப் பிரச்சினை உண்டு என்றார். உரிமையைத் தர மறுப்பவனின் பொருளிலிருந்து, உரிமையுடையவர் தமக்குரிய அளவைத் தாமே எடுத்துக்கொள்ளலாமா என்பது அது. அபூ சுஃப்யான் (ரலி) அவர்கள் குடும்பச் செலவுக்குப் போதிய அளவு தருவதில்லை என்று அவர் மனைவி ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, நியாயமான அளவு எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தியிலிருந்து இமாம்கள் அதைப் பேசுகிறார்கள். ஆனால், என்று நிறுத்தி, இரண்டைக் கேட்டார். ஹிந்த் அவர்களின் உரிமை ஐயமற்றது. உங்கள் உரிமை மறுக்கப்பட்டுவிட்டதா, அல்லது இன்னும் கேட்கப்படவே இல்லையா? ஹிந்த் எவரிடமும் பொய் சொல்லி எடுக்கவில்லை. நீங்கள் கையெழுத்திடப்போகும் தாளில் என்ன எழுதியிருக்கிறது?

அந்தத் தாளில், மேற்கண்ட விவரங்கள் உண்மை என்று எழுதியிருந்தது. மிளகாய் இயந்திரத்தைப் பழுது பார்க்க இயலாது என்பது மேற்கண்ட விவரங்களில் ஒன்று. பட்டறைக்காரரின் மதிப்பீடு எங்கள் சட்டைப் பையில் இருந்தது.

மார்க்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், தீக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் வழமையான நிபந்தனை ஒன்றுண்டு: கோரிக்கையில் எந்தவொரு பகுதி மோசடியானதாக இருந்தாலும் பாலிசியின் பயன் முழுவதும் பறிபோகும். ஒரு இயந்திரத்துக்காகச் சொன்ன பொய் மற்றெல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். அண்ணன் இதைச் சொன்ன பிறகே மச்சான் முழுமையாக இறங்கிவந்தார் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

சர்வேயருக்கு ஒரு கடிதம் எழுதினோம். மிளகாய் இயந்திரம் பழுது பார்க்கத்தக்கது, மதிப்பீடு இணைக்கப்பட்டுள்ளது. பொட்டலமிடும் இயந்திரத்தின் மின்னணுப் பகுதி அரிக்கத் தொடங்கியுள்ளது, பொறியாளரின் அறிக்கையும் தேதியிட்ட புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன, கூட்டாக ஆய்வு செய்ய வேண்டுகிறோம். அவர் தொலைபேசியில் அழைத்து, முதல் பத்தியைத் தவறாகப் படித்துவிட்டேனோ என்று கேட்டார். தொகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி எழுதும் கடிதங்கள் அவருக்கு அதிகம் வருவதில்லை போலும்.

பத்து நாள் கழித்துக் கூட்டு ஆய்வு நடந்தது. அதற்குள் பச்சை, பலகைகளின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது. முதல் புகைப்படத்தையும் அன்றைய நிலையையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்ற ஒப்புக்கொண்டார். எடை பார்க்கும் லோட்செல்லையும் மாற்றக் கேட்டோம். அன்று அது சரியாகவே இயங்கியதால் மறுத்தார். அது ஐந்து மாதத்தில் பழுதாகி, எங்கள் செலவில் மாற்றினோம். கருத்து வேறுபாடு தீராமற்போயிருந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கும் போயிருக்கலாம். தனியுரிமைத் தொழில்களும் குறுந்தொழில்களும் அங்கே கட்டணமின்றி முறையிட முடியும். எங்களுக்கு அந்தத் தேவை எழவில்லை.

மாற்றுவது என்று முடிவெடுப்பவர்கள் ஒரு சொல்லைப் பாலிசியில் தேடிப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் மதிப்பு எந்த அடிப்படையில் எழுதப்பட்டிருக்கிறது? சந்தை மதிப்பு என்றால், எட்டாண்டு ஓடிய இயந்திரத்துக்கு எட்டாண்டுத் தேய்மானம் கழித்தே பணம் வரும். மீள்நிறுவல் மதிப்பு என்றால் அதே திறனுள்ள புதியதன் விலை வரும். ஆனால் வழக்கமாக, உண்மையிலேயே வாங்கி நிறுவினால்தான் அந்த விலை. நிறுவும்வரை சந்தை மதிப்பு மட்டுமே. 12 மாதங்களுக்குள் நிறுவ வேண்டும் என்ற காலக்கெடுவும் பொதுவாக உண்டு. பணத்தை வாங்கி வேறு செலவுக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்குப் புது இயந்திரத்தின் விலை கிடைக்காது. இழந்ததை ஈடு செய்யலாம், இழக்காததை ஈட்டக் கூடாது என்ற ஹஸ்ரத்தின் சொல்லுக்கு இது எவ்வளவு நெருங்கி வருகிறது என்று வியந்தோம்.

இன்னொன்று, குறைத்துக் காட்டிய காப்பீட்டுத் தொகை. 20 லட்சம் பெறும் சொத்தை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு, இரண்டு லட்சம் இழப்பு என்றால் வருவது ஒரு லட்சம்தான். பாதியைத் தாமே சுமந்துகொண்டதாகக் கொள்வார்கள். எங்கள் பாலிசியில் 15 விழுக்காடு வரையிலான குறைவை மன்னிக்கும் விதி இருக்கிறது. எங்கள் தொகை 18 லட்சம், சர்வேயர் கணக்கிட்ட மதிப்பு 20 லட்சம். பத்து விழுக்காடு என்பதால் வெட்டு விழவில்லை.

பணம் ஏழு வாரத்தில் வந்தது. ரீவைண்டிங் செய்த மோட்டாரை மெகர் வைத்துச் சோதித்த பிறகே இணைத்தோம். மிளகாய் இயந்திரம் புதுப் பச்சைப் பெயின்ட்டில், அடுத்த ரமளானுக்குக் கஞ்சி மசாலா அரைத்தது. அந்த ஏழு வாரக் குறைகூலியை ஐந்து பெண்களுக்கும் ஈடு செய்தோம். அது எந்தப் பாலிசியிலும் இல்லாத செலவு. நால்வரும் எங்கள் பங்கிலிருந்து போட்டுக் கொடுத்தோம். மச்சான் தம் பங்குக்கு மேலும் போட்டார்.

கழற்றிய மின்னணுப் பலகைகள், நிறுவனம் எச்ச மதிப்பைக் கழித்துக்கொண்டதால், எங்களிடமே விடப்பட்டன. பழைய இயந்திரங்கள் வாங்கி விற்கும் ஒருவர் வந்து புரட்டிப் பார்த்தார். பச்சை, பலகைகளின் பின்பக்கத்தில்தான் அதிகம். முன்பக்கம் துடைத்தபின் நன்றாகவே தெரிந்தது. 14,000 தருவதாகச் சொன்னார். அவர் வாங்கினால் அது யாரோ ஒருவருடைய இயந்திரத்துக்குள் போகும். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த செய்தி நமக்கெல்லாம் தெரியும். குறையைச் சொல்லாமல் ஒரு துணியைத் தம் கூட்டாளி விற்றுவிட்டார் என்பதற்காக அதன் கிரயம் முழுவதையும் தர்மம் செய்த இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாற்றையும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். தம்பி பலகையைத் திருப்பிக் காட்டி, தீப்புகையில் இருந்தவை, இன்னும் அரிக்கும் என்றான். வந்தவர் சற்று நேரம் யோசித்தார். உதிரிப் பாகங்களுக்காக மட்டும் என்று 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். தீப்புகையில் இருந்தவை என்று ரசீதில் எழுதிக் கொடுத்தோம்.